களைப்பு இரண்டு நாள் பிந்தி வரும்

வெள்ளவத்தையில் எங்கள் வீடு, லிஃப்ட் இல்லாத தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. போன ஆடி வெள்ளியன்று அக்கா தெம்போடு எழுந்தாள். சந்தையில் மரக்கறி வாங்கினாள், கோயிலுக்குப் போனாள், படியேறி வந்து ஐந்து பேருக்குச் சமைத்தாள். சனிக்கிழமையும் நன்றாகவே கழிந்தது. ஞாயிறு காலை தேநீர்க் கோப்பையைத் தூக்கக் கை எழவில்லை. அடுத்த ஆறு நாளும் படுக்கைதான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே இருந்தாய்" என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் அவளைப் படுக்கவைத்தது.

அக்காவுக்கு இருக்கும் நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம் இந்தப் பிந்திய சரிவு. சாதாரண அசதி ஓர் இரவு தூங்கினால் போய்விடும். இந்தச் சரிவோ பெரும்பாலும் உழைப்பு முடிந்து 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து, நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் தங்கிவிடும். ஆரோக்கியமானவரை அடுத்தடுத்த இரண்டு நாட்கள் சைக்கிள் மிதிக்கவைத்து அளந்தால், இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே வலு தெரியும். இந்நோயாளிகளில் பலருக்கு இரண்டாம் நாள் அது குறைந்துவிடுகிறது. மனம் வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இந்த அளவீட்டைப் பார்க்க வேண்டும்.

"கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டு" என்ற அறிவுரை வைத்தியர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை எழுதும் நைஸ் நிறுவனம் 2007இல் அதைப் பரிந்துரைத்தது. 2021இல் அதே நிறுவனம், படிப்படியாக ஏற்றும் உடற்பயிற்சியை இந்நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றி எழுதியது.

இப்போது சொல்லப்படுவது, சக்தியை அளந்து செலவிடுவது. களைத்த பிறகு ஓய்வெடுப்பது பிந்திய வேலை. களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். அக்கா ஒரு கொப்பியில் அன்றன்று செய்ததையும், இரண்டு நாள் கழித்து உடம்பு எப்படி இருந்தது என்பதையும் எழுதி வந்தாள். நீண்ட தொலைபேசிப் பேச்சும் படியேறுவதைப் போலவே அவளைச் சாய்த்தது அதில்தான் தெரிந்தது. மூளை உழைப்பும் உழைப்புதான்.

நிற்பதும் செலவுதான். நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கும். அதை மேலே அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்கும். கொழும்பின் புழுக்கத்தில் தோலின் இரத்தக் குழாய்களும் விரிவதால் சுமை இன்னும் கூடுகிறது. அதனால் சந்தை வேலை வெயிலுக்கு முன் முடிகிறது, அதுவும் என் பொறுப்பு.

தேநீரில் ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்; மாலைத் தேநீர் இரவுத் தூக்கத்தைத் தின்னும். அது களைப்பை மறைக்குமே தவிர, செலவான சக்தியைத் திருப்பித் தராது. இன்னொன்று: இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் எல்லாமே ஆளைக் களைக்கவைக்கும். முதலில் வைத்தியரிடம் அவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்று அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பயிற்றங்காய் முறித்தாள். இன்னும் தெம்பு இருந்தது. பாதியில் சுளகை என்னிடம் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.