அந்த மும்பைக்காரர் மேல் தப்பில்லை

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு ஆன்லைனில் விற்கிற அண்ணாச்சி ஒருவர், காலை ஒன்பது மணிக்கே பாளையங்கோட்டையில் என் ஆபீஸ் படியேறி வந்துவிட்டார். கையில் ஸ்கிரீன்ஷாட். "தம்பி, மும்பையில இருந்து எவனோ நம்ம கடைக்குள்ள நுழையப் பாக்கான். போலீசுக்குப் போயிருவமா?"

ராத்திரி முழுக்க அட்மின் பக்கத்தில் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வந்த ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு கணினிக்கு உள்ள எண்ணை, அண்ணாச்சி ஏதோ மேப் தளத்தில் போட, அது மும்பையில் ஒரு தெருவில் போய்க் குத்தி நின்றது. அந்தத் தெருக்காரர் பாவம்.

முகவரி 13.234 என்று தொடங்கியது. முகவரி யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும் ஹூஇஸில் பார்த்தால் அமேசான். ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரில், அதாவது அந்த எண்ணுக்கு வைத்திருக்கும் பெயரில், 'ஏபி-சவுத்-1' இருந்தது. அமேசான் சர்வர்களை வாடகைக்கு விடுகிற கிளவுடில், 2016-இல் திறந்த மும்பை மண்டலம் அது. ஆனால் இந்தப் பெயரை வாடகைக்கு எடுத்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நான் இதோடு நிறுத்துவதில்லை. எந்த முகவரிகள் தன்னுடையவை என்று அமேசானே ஒரு பட்டியல் வெளியிடுகிறது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் அப்படித்தான். அந்தப் பட்டியலில் முழு முகவரியையும் அடித்துத் தேடிவிட்டு, "இல்லையே" என்று மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இருக்காதுதான்! அதில் இருப்பது தனித்தனி முகவரிகள் இல்லை, மொத்த மொத்தமான வரிசைகள். 13.232.0.0/14 என்கிற ஒரே வரிக்குள் 13.232-இல் இருந்து 13.235 வரை 2,62,144 முகவரிகள் அடங்கிக் கிடக்கின்றன. நம்முடையதும் அதற்குள்தான்.

சரி, அமேசான் வீட்டுக்காரர். குடியிருப்பது யார்? ஜங்ஷன் லாட்ஜில் 12-ஆம் நம்பர் ரூமில் நேற்று ஒருத்தர், இன்று இன்னொருத்தர். கிளவுடிலும் ஒரே முகவரி இன்று ஒரு சர்வருக்கு, நாளை வேறொருவர் சர்வருக்கு. அதனால் புகாரில் முகவரியைவிட நேரம் முக்கியம். சர்வரின் பதிவேடான லாகில் 20:10 என்று இருந்ததை அண்ணாச்சி "ராத்திரி எட்டு பத்து" என்று எழுதி வைத்திருந்தார். அவர் சர்வர் ஓடுவது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நமக்கு மறுநாள் அதிகாலை 1:40. யுடிசி என்று சேர்த்து எழுதி, லாக் வரிகளோடு அமேசானின் முறைகேடு புகார்ப் பிரிவுக்கு அனுப்பினோம். பணம் போயிருந்தால் முதல் வேலையாக சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்திருப்போம், நல்லவேளை, போகவில்லை.

"அப்போ ஆளு யாருன்னு தெரியாதா?"

"அமேசானுக்குத் தெரியும் அண்ணாச்சி. போலீஸ் முறையா கேட்டாத்தான் சொல்லுவாங்க."

"பேசாம அமேசான் மொத்தத்தையும் அடைச்சிரு."

அதை ஏற்கெனவே ஒரு தடவை செய்து பட்டிருக்கிறேன். பத்தமடைப் பாய் விற்கிற ஒருவருக்கு அப்படித்தான் மொத்த வரிசையையும் அடைத்தேன். அவருக்கு ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேயும் அதே கிளவுடில்தான் குடியிருந்திருக்கிறது. பணம் வந்துவிட்டது, வந்த தகவல் மட்டும் கடைக்கு வரவில்லை, ஆர்டரெல்லாம் 'பெண்டிங்'. பேங்க் ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்தேன். அண்ணாச்சிக்கு அந்த ஒரு முகவரியை மட்டும் அடைத்து, ஐந்து முறை தப்பினால் லாகின் பூட்டிக்கொள்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன்.