405ல சப்பாத்தி வராது: மளிகை ஆப் எப்படி வேலை செய்யுது?

அக்கா பொண்ணு எம்எஸ் படிக்க ஜெர்மனி போன முதல் வாரம், இங்க சேலத்துல நாங்க ராத்திரி சாப்பாட்டுக்கு உக்கார்ற நேரத்துல வீடியோ கால் வருது, எடுத்துப் பாத்தா கடைக்குள்ள மாவு பாக்கெட் அடுக்குன ரேக்குக்கு முன்னாடி நிக்கிறா. "மாமா, போனைக் காட்டுனா எல்லாமே கோதுமை மாவுன்னுதான் வருது, 405, 550, 1050ன்னு நம்பர் மட்டும் மாறுது, இதுல எது சப்பாத்திக்கு?" எனக்கும் தெரியல. 405ஐ வாங்கிட்டுப் போயிட்டா, சப்பாத்தி ரப்பர் மாதிரி இழுத்துச்சாம்.

அப்புறம் தேடிப் படிச்சேன். அந்த நம்பர் சாம்பல் கணக்கு. 100 கிராம் மாவை எரிச்சா மாவுச்சத்தெல்லாம் போயிரும், தாது உப்பு மட்டும் சாம்பலா நிக்கும், அது சுமாரா எத்தனை மில்லிகிராமோ அதுதான் அந்த நம்பர். தாது உப்பு அதிகமா இருக்கறது தவிட்டுல, அதனால நம்பர் ஏற ஏற தவிடு ஜாஸ்தி. 405ன்னா கிட்டத்தட்ட நம்ம மைதா. 1050 எடுத்தா நம்ம சப்பாத்தி மாவுப் பக்கம் கொஞ்சம் வரும், தவிட்டோட முழுசா அரைச்ச ஃபோல்கோர்ன் மாவுக்கு இந்த நம்பரே கிடையாது.

இதுல கவனிங்க, மொழிபெயர்ப்பு ஆப் தப்பே பண்ணல. எழுத்தைச் சரியா படிச்சுது, சரியா தமிழாக்குச்சு, ஆனா பொண்ணுக்கு ஒரு உபயோகமும் இல்ல. வெளிநாடு போற பசங்களுக்கு மளிகை ஆப் செய்யணும்னா இந்த இடத்துலதான் ஆரம்பிக்கணும்னு நான் நினைக்கிறேன், என்கிட்ட படிக்கிற பசங்களோட சேந்து அப்படி ஒண்ணை இப்ப செஞ்சுக்கிட்டும் இருக்கோம்.

முதல் வேலை பார்கோடு. கோட்டுக்குள்ள பொருளோட பேரோ விலையோ எதுவும் இல்ல, வெறும் 13 இலக்க நம்பர்தான். அதுல கடைசி இலக்கம் காவலுக்கு. முதல் 12ஐயும் மாத்தி மாத்தி 1ஆலயும் 3ஆலயும் பெருக்கிக் கூட்டி, அதை 10ஓட மடங்காக்க இன்னும் எவ்வளவு வேணுமோ அதைத்தான் கடைசியில போடுவாங்க, கேமரா ஒரு இலக்கத்தைத் தப்பாப் படிச்சா கணக்கு இடிக்கும், உடனே தெரிஞ்சிரும். நம்பர் கிடைச்சதும் டேட்டாபேஸ்ல தேடணும். 2012ல பிரான்ஸ்ல ஆரம்பிச்ச ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ் இதுக்குப் பெரிய உதவி, ஊர் உலகத்துல இருக்கற சாதாரண ஜனங்க பாக்கெட்டைப் போட்டோ எடுத்து ஏத்துன தகவல், யார் வேணாலும் எடுத்துக்கலாம். முன்னாடி 890ன்னு ஆரம்பிச்சா இந்தியாவுல செஞ்சதுன்னு நிறைய பேர் நம்புறாங்க, அது நம்பரை இந்திய அமைப்பு குடுத்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும்.

டேட்டாபேஸ்ல இல்லாத பாக்கெட்டுக்கு, பின்னாடி இருக்கற பொடி எழுத்தைக் கேமரா படிக்கணும். சைவம் சாப்பிடற பசங்களுக்கு இங்கதான் கஷ்டம். நம்ம ஊர்ல பச்சைப் புள்ளியைப் பாத்து எடுத்துட்டு வந்துடறோம், ஐரோப்பாவுல அப்படி அடையாளம் போடணும்னு கட்டாயம் இல்ல. அலர்ஜி தர்ற 14 வகைப் பொருளை மட்டும் தனியாத் தெரியற மாதிரி அச்சடிக்கணும்னு சட்டம் இருக்கு, அதுல பால் இருக்கும், முட்டை இருக்கும், மிருகத்தோட தோல், எலும்புல இருந்து எடுக்கற ஜெலட்டின் இருக்காது. அதை நாமதான் தேடிப் பிடிக்கணும். லேபிள்ல நிறம், பதம் மாதிரி சேர்மானத்துக்கெல்லாம் இ-ன்னு ஆரம்பிக்கற நம்பர் போட்டிருக்கும். இ120ன்னா பூச்சியில இருந்து எடுக்கற சிவப்பு நிறம், சந்தேகமே இல்ல. இ471 அப்படி இல்ல, செடிக் கொழுப்புலயும் செய்யலாம், மிருகக் கொழுப்புலயும் செய்யலாம், லேபிளை வெச்சு கண்டுபிடிக்கவே முடியாது, அந்த இடத்துல ஆப் பச்சை டிக் போடக்கூடாது, "இதை வெச்சு சொல்ல முடியாது"ன்னு நேராச் சொல்லணும். இதுல நான் ரொம்பக் கறாரா இருக்கேன்.

அடுத்தது தேடல். கம்ப்யூட்டர் ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு நம்பர் வரிசையா மாத்தி வெச்சுக்குது, ஒரே மாதிரி இடத்துல வர்ற வார்த்தைகள் பக்கத்துல பக்கத்துல வந்து உக்காரும், அதனால உளுந்துன்னு தமிழ்ல கேட்டாலும் ஜெர்மன் பேரைக் கண்டுபிடிச்சுக் குடுக்கும். ஆனா மைதாவும் கோதுமை மாவும் கூட ஒரே மாதிரி இடத்துலதான் வருது, அதுக்கு ரெண்டும் பக்கத்து வீடு. சமைக்கற நமக்குத்தான் வேற வேற.

ஜவ்வரிசியையே எடுத்துக்குங்க. சேலத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்யறது, 2023ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஜவ்வரிசிக்கு இங்கிலீஷ்ல சொல்ற சாகோங்கற பேரு மூலத்துல ஒரு பனை வகையோட தண்டுல எடுக்கற மாவுக்கு உரியது. ஜெர்மனியில சாகோன்னு விக்கறதுல உருளைக்கிழங்கு மாவுல செஞ்ச மணியும் இருக்கு. பேரு ஒண்ணு, செடி மூணு. அகராதி மூணையும் ஒண்ணுன்னுதான் சொல்லும்.

அதனால எங்க ஆப் முதல்ல கேக்கறது "என்ன சமைக்கப் போறீங்க?"ன்னுதான். சப்பாத்தின்னா ஒரு மாவு, போண்டான்னா வேற மாவு. எதுக்குப் பதிலா எது ஆகும்ங்கற பட்டியலை மட்டும் கையாலதான் எழுதறோம், கடைக்குள்ள டவர் கிடைக்கலன்னாலும் ஓடணும்னு அதைப் போன்லயே வெச்சிடறோம். எழுத உக்காந்தா அக்காகிட்டதான் போறேன், அவ லீ பஜார்ல வாங்குன சாமானைப் பிரிச்சு டப்பாவுல கொட்டிக்கிட்டே சொல்லுவா, நான் டைப் பண்ணுவேன். "துவரம்பருப்பு கிடைக்கலன்னா அங்க சிவப்பா ஒண்ணு விக்குதாமே, அது நம்ம மைசூர் பருப்பு, சாம்பாருக்கு ஆகும், ஆனா சட்டுனு குழைஞ்சிரும்டா, ஒரு விசிலோட எறக்கச் சொல்லு." அந்த ஒரு விசிலும் இப்ப பட்டியல்ல இருக்கு.