பித்தளையில் துளைத்த கணக்கு

அமெரிக்காவில், கொலராடோவின் டென்வர் நகரில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டுக்காரர் 1990-ஆம் வருட செவர்லே பிக்கப் டிரக் வைத்திருக்கிறார். அதிலுள்ள ஃப்யூயல் இன்ஜெக்ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டப்போகிறாராம். ஊரே கார்புரேட்டரை விட்டுவிட்டு இன்ஜெக்ஷனுக்குப் போனது. இவர் ஏன் சார் பின்னாடி போகிறார்? வண்டி ஓடுமா?"

ஓடும். சரியாகச் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனால் "கம்ப்யூட்டரே வேண்டாம்" என்று நினைத்து இதைச் செய்கிறார் என்றால், ஒரு கம்ப்யூட்டருக்குப் பதில் இன்னொன்றை மாட்டுகிறார் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த இன்ஜின். எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர். கன அங்குலக் கணக்கில் அமெரிக்கர்கள் அதை '350' என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1987-இலிருந்து 1995 வரை தன் டிரக்குகளில் இதற்கு ஒரு இடைக்கால இன்ஜெக்ஷன் வைத்தது. சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் கிடையாது. பழைய கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இரண்டே இன்ஜெக்டர்கள், மேலிருந்து கீழாகப் பெட்ரோலைத் தூவும். அதே வட்டமான ஏர் ஃபில்டர் டப்பா. பார்க்கும் எவருக்கும் "இதைத் தூக்கிவிட்டு அதை வைத்தால் ஆச்சு" என்றுதான் தோன்றும். முப்பது வருடத்துக்கு மேலான ஒயரும் சென்சாரும் மாற்றி மாற்றித் தொல்லை தரும்போது அந்த ஆசை இன்னும் வலுக்கும்.

இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: இன்ஜினுக்குள் போகும் காற்றோடு சரியான அளவு பெட்ரோலைக் கலப்பது. பெட்ரோல் ஒழுங்காக எரிய, 1 கிராமுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜெக்ஷனில் சென்சார்கள் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து சொல்லும். இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் விடையைத் திருத்தும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

கார்புரேட்டரில் சென்சாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. அப்புறம் எப்படி அதே கணக்கு வருகிறது? எனக்கு இந்தக் கட்டுரையே இதைச் சொல்லத்தான்.

காற்று போகும் குழாய் ஓரிடத்தில் உடுக்கையின் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். இத்தாலியரான ஜியோவன்னி பத்தீஸ்தா வெஞ்சுரி 1797-இல் எழுதிய விளைவு இங்கேதான் நடக்கிறது: ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பெட்ரோல், அதன்மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம். கிண்ணத்தையும் இடுப்பையும் ஒரு சின்னத் துளை வழியாக இணைத்தால், வெளிக்காற்று பெட்ரோலை இடுப்புக்குள் தள்ளிவிடும். கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு வேலை செய்வதும் இப்படித்தான். அந்தத் துளைக்குப் பெயர் ஜெட். பித்தளைத் திருகில் துல்லியமாகப் போட்ட ஓட்டை, அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்த வித்தியாசம் நான்கு மடங்காகும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆனால் துளை வழியாகப் போகும் திரவம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஆக, காற்று இரண்டு மடங்கு என்றால் பெட்ரோலும் சரியாக இரண்டு மடங்கு! வர்க்கமும் வர்க்கமூலமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, விகிதம் தானாகவே நிற்கிறது. யாரும் எதையும் அளக்கவில்லை. கல்லூரியில் இதைக் கரும்பலகையில் பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடே மறந்துபோனது.

நிஜத்தில் இது கொஞ்சம் பிசகும். வேகம் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் துளையின் வாய்வரை ஏறுவதற்கே கொஞ்சம் இழுவை செலவாகிவிடும், கலவை மெலியும், அதாவது காற்றுக்கு வேண்டியதைவிடப் பெட்ரோல் குறையும். வேகம் அதிகமானால் இடுப்பில் காற்று விரிந்து லேசாகிவிடும். பெட்ரோல் அப்படி லேசாகாது, அதனால் பெட்ரோல் மிஞ்சி, கலவை கெட்டியாகும். இந்தப் பிசகுக்கு மருந்தும் பித்தளைதான். ஜெட்டைத் தாண்டிய பெட்ரோல் ஒரு குட்டிக் கிணற்றில் நிற்கும். அதற்குள் புல்லாங்குழல் போல நெடுக ஓட்டை போட்ட ஒரு குழல், மேல்முனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். இழுவை கூடக் கூடக் கிணற்றின் மட்டம் இறங்கும். மேலிருந்து ஒவ்வொரு ஓட்டையாக வெளியே தெரியும். அதன் வழியே காற்று புகுந்து பெட்ரோலை நுரையாக்கும், கூடவே இழுவையையும் தளர்த்தும். எந்த ஓட்டை எந்த உயரத்தில் என்பதுதான் இங்கே புரோகிராம். நம் பொறியியல் கல்லூரிகள் பழைய இரும்புக்கடையில் ஒரு கார்புரேட்டரை வாங்கி, குறுக்கே அறுத்து மாணவர் கையில் கொடுக்கலாம். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடெல்லாம் தேவையில்லை.

மற்றவை துணைப் பாத்திரங்கள்: வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலுக்குத் தனி வழி, குளிருக்கு சோக், ஆக்ஸிலரேட்டரைத் திடீரென அமுக்கினால் ஒரு பீய்ச்சு பெட்ரோல் தரும் குட்டி பம்ப்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, டென்வர்காரருக்கு அது முக்கியம். கார்புரேட்டருக்குக் காற்றின் கன அளவு தெரியும், எடை தெரியாது. மலை ஏற ஏறக் காற்று லேசாகும், ஆனால் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். கடற்கரையில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே சுமார் 8 சதவீதம் கெட்டியாக ஓடும். அதை டென்வருக்குச் சரிசெய்துகொண்டு, அதே மாநிலத்தில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்குக் காரோட்டிப் போனால் மறுபடியும் 15 சதவீதம் கெட்டியாகும். கறுப்புப் புகை வரும், வண்டியின் இழுவைத் திறன் போகும். இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டர் இதே மலையில் அழுத்தத்தை அளந்து பேசாமல் திருத்திக்கொள்ளும்.

சரி, டிரக்குக்கு வருவோம். மேலே இருப்பதை மாற்றுவது ஒரு மதிய வேலை. மாட்டிக்கொள்வது மற்ற இடங்களில்.

முதலாவது பெட்ரோல் அழுத்தம். இந்த இன்ஜெக்ஷனுக்கு டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் 9 முதல் 13 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) வரை கொடுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது ஒரு மிதவையும் ஊசி வால்வும், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு போலத்தான். அது 5, 6, மிஞ்சினால் 7 பிஎஸ்ஐ தாங்கும். அதற்கு மேல் தள்ளினால் ஊசி தோற்று, கிண்ணம் வழிந்து, சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் கொட்டும். அப்பா தன் பழைய ஸ்கூட்டரைக் காலையில் ஒரு பக்கம் சாய்த்துவிட்டு உதைத்தது ஞாபகம் இருக்கிறது. ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன். வேண்டுமென்றே கிண்ணத்தை வழியவிட்டுக் கலவையைக் கெட்டியாக்கும் வித்தை அது. ஸ்கூட்டரில் ஒரு சொட்டு வழிந்தால் வித்தை, டிரக்கில் விடாமல் வழிந்தால் தீ விபத்து. அதனால் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும், மிச்சம் டேங்குக்குத் திரும்பும் குழாயும் கட்டாயம்.

இரண்டாவது, பலர் யோசிக்காத ஒன்று. இன்ஜின் நின்றால் மின்பம்பை நிறுத்துவதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். அதைக் கழற்றிவிட்டு பம்பைச் சாவியோடு நேராக இணைத்தால், விபத்தில் வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் இல்லையென்றால் மின்சாரத்தை வெட்டும் ஒரு ஸ்விட்ச் போட்டாக வேண்டும். சின்னப் பொருள்தான், விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது தீப்பொறி. எப்போது பொறி விட வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டரே சொல்லிக்கொண்டிருந்தது. எனவே சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பழைய வகைக்கு மாற்ற வேண்டும்: சுற்றும்போது வெளியே விரியும் இரண்டு எடைகள், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தில் இழுபடும் ஒரு டப்பா. இதுவும் கணக்குப் போடும் இரும்புதான்.

கடைசியாக கியர்பாக்ஸ். 1990 வண்டியின் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு, ஆக்ஸிலரேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவான த்ராட்டிலிலிருந்து ஒரு கேபிள் போகும். புது கார்புரேட்டரின் நெம்புகோல் அந்தக் கேபிளைச் சரியான அளவு இழுக்காவிட்டால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் எரிந்துபோகும். இதற்கென்றே விற்கும் பிராக்கெட்டை வாங்குவது மலிவு. 1993-க்குப் பிந்தைய டிரக் என்றால் இன்னும் வேடிக்கை: கியர்பாக்ஸே மின்னணு. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டவர், கியர் மாற்ற மட்டும் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டியிருக்கும்!

சட்டமும் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்குவதை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. காரணமும் நியாயமானது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர், 14.7 என்ற அந்தக் காற்று-பெட்ரோல் விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். பித்தளைத் துளையால் அங்கேயே நிற்க முடியாது.

இன்னொன்று. கார்புரேட்டர் என்றாலே மைலேஜ் மந்திரம் பேச யாராவது வந்துவிடுவார்கள். கனடாவைச் சேர்ந்த சார்லஸ் நெல்சன் போக் 1930-களில் காப்புரிமை பெற்ற கார்புரேட்டர் ஒரு கேலனுக்கு 200 மைல் தந்தது, எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்ற கதை இன்னும் உலவுகிறது. ஒழுங்கான இன்ஜினில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் சில சதவீதம்தான். அதை முழுக்க எரித்தாலும் மைலேஜ் பல மடங்காக வழியே இல்லை. 1990-களில் நாம் மூலிகை பெட்ரோலை நம்பியதும் இதே ஆசையில்தான்.

டென்வர் வாசகரே, பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்ப சென்சாரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பழுதாகி "இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது" என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பாவம், பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பிறகு வெற்றிடக் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கார்புரேட்டர்தான் வேண்டும் என்றால் மாட்டட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பது அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. கழற்றும் ஒவ்வொரு ஒயரிலும் பெயர் எழுதி ஒட்டி, அந்த இரண்டு இன்ஜெக்டர்களையும் துணியில் சுற்றி, ஷெட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.