மடி தாங்காத எடை

பிரசவம் முடிந்து நான்காம் நாள். மதுரையில் ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். குழந்தை மூன்று கிலோ. போக வேண்டியது மாமியார் ஊரான உசிலம்பட்டிக்கு, நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாக நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு. பின் சீட்டில் இடப்பக்கம் நான் பொருத்தி வைத்திருந்த குழந்தை சீட்டைப் பார்த்ததும் அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

"பச்சப்புள்ளயக் கொண்டுபோயி வார் போட்டுக் கட்டணுமா மாப்பிள்ளை? மடியில வச்சிக்கிட்டா நான் விட்டுருவேனா?"

அத்தை விடமாட்டார், அது எனக்குத் தெரியும். நான்கு பிள்ளைகளைத் தூளியிலும் இடுப்பிலும் வளர்த்த கை அது. ஆனாலும் மோதும் காருக்குள் ஒரு குழந்தையைப் பிடித்து வைத்திருக்க எந்தக் கையாலும் முடியாது. இதில் நம்பிக்கைக்கு வேலை இல்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 14 மீட்டர். காரோடு சேர்ந்து உள்ளே இருக்கும் எல்லோருக்கும், எல்லாப் பொருளுக்கும் அதே வேகம் உண்டு. பத்து மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது என்ன வேகமோ, அந்த வேகம் இது. எதிரே நிற்கும் லாரியில் கார் மோதினால், முன்பக்கம் ஒரு 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கும். அந்த 60 சென்டிமீட்டருக்குள் 14 மீட்டர் வேகமும் பூஜ்யமாக வேண்டும். அதற்கு ஆகும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் 16 மடங்கு விசையோடு முன்னால் பாயும்.

மூன்று கிலோவை 16-ஆல் பெருக்கினால் 48. கிட்டத்தட்ட ஒரு சிமெண்டு மூட்டை. மூட்டை தூக்கிப் பழகியவருக்கே முன்கூட்டித் தெரிந்தால்தான் தோள் கொடுக்க முடியும். இங்கே அது சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை இறுக வேண்டுமென்றால் நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். இதுவும் சராசரிக் கணக்குதான், மோதலின் நடுவில் ஒரு கணம் விசை இதைவிடவும் கூடும். ஏழெட்டு மாதத்தில் குழந்தை எட்டுக் கிலோ ஆகிவிட்டால் இதே கணக்கு 130 கிலோவைத் தொடும்.

மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால் கதை இன்னும் மோசம். அறுபது கிலோ உடம்பு ஏறக்குறைய ஒரு டன் விசையோடு முன் சீட்டில் போய் மோதும். நடுவில் இருப்பது குழந்தை. தனக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அப்போது முன்னால் பெல்ட்டும் பின்னால் பெரியவர் உடம்பும் சேர்ந்து குழந்தையை நசுக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சரி, கையால் முடியாது, வாரால் கட்டலாம். எந்தப் பக்கம் பார்த்து உட்காரவைப்பது? இதில்தான் உயிரே இருக்கிறது.

பிறந்த குழந்தையின் தலை, உடம்பு நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. நமக்கு ஏழில் ஒரு பங்குதான். மூன்று கிலோக் குழந்தைக்குத் தலை மட்டும் முக்கால் கிலோ வரும். அதைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழு எலும்பாகவில்லை. ஒவ்வொரு கண்ணியும் மூன்று துண்டு எலும்பாக, நடுவில் குருத்தெலும்பு சேர்த்துப் பிடித்தபடி இருக்கும். அவை ஒட்டி ஒன்றாக மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஆகும். குழந்தையை முன்பக்கம் பார்த்துக் கட்டினால், மோதும்போது வார் மார்பைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க எதுவும் இருக்காது. தலை முன்னால் பாயும், கழுத்து இழுபடும். குருத்தெலும்பு இழுபட்டு நீளும், உள்ளே ஓடும் தண்டுவடம் அந்த அளவுக்கு நீளாது.

பின்பக்கம் பார்த்து, அதாவது முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்க உட்காரவைத்தால் விசையின் வழியே மாறிவிடும். குழந்தை முன்னால் பாயப் பார்க்கும்போது முதுகு, தோள், பின்தலை எல்லாம் ஒரே நேரத்தில் சீட்டின் கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டில் அழுந்தும். அதே விசைதான், கழுத்து என்ற ஒரே இடத்தில் இறங்காமல் முதுகு முழுவதும் பரவிவிடுகிறது. தலையும் உடம்பும் சேர்ந்தே நிற்பதால் கழுத்தில் இழுப்பு மிகக் குறைவு.

இதை முதலில் சீட்டாகச் செய்து பார்த்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர்ட்டில் ஆல்ட்மன். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போகும் வீரர்கள் கிளம்பும்போது முதுகில் சாய்ந்து படுத்திருப்பதை அவர் கவனித்தார். ராக்கெட்டின் உந்துவிசையை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதையே குழந்தைக்குத் திருப்பிப் போட்டார். 1964-ல் அவருடைய மாதிரி சீட் ஒரு வோல்வோ காரில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்று கடையில் தொங்கும் ஒவ்வொரு பின்நோக்கு சீட்டும் அந்த யோசனையின் பிள்ளைதான்.

இந்தச் சீட்டை முன் சீட்டில் மட்டும் ஒருநாளும் வைக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஏர்பேக் வெடித்து விரிய நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அது விரிந்து அடிக்கும் இடத்திலேயே பின்நோக்கு சீட்டின் முதுகு இருக்கும், அதற்கு நேர் பின்னால் குழந்தையின் தலை. பெரியவரைக் காப்பாற்றும் அதே பைதான் குழந்தையைக் கொல்லும். சன்வைசரில் ஒட்டியிருக்கும் குறுக்குக்கோடு போட்ட படம் இதைத்தான் சொல்கிறது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சீட்டில் ஒட்டியிருக்கும் லேபிள். ஆரஞ்சு நிறத்தில், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய விதிப்படி சோதித்தது. 'ஆர் 44' என்பது பழைய விதி, எடையை வைத்துப் பிரிக்கும். பிறந்த குழந்தைக்கு 0+ பிரிவு, 13 கிலோ வரை. 'ஆர் 129' புதிய விதி, உயரத்தை வைத்துப் பிரிக்கும். குறைந்தது 15 மாதம்வரை பின்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. நம் நாட்டு விதியின் பெயர் ஏஐஎஸ் 072. மேலே போட்ட கணக்கில் வந்த 50 கிலோமீட்டர் நான் சும்மா எடுத்த எண் இல்லை, நேர்மோதல் சோதனையை நடத்துவதே அந்த வேகத்தில்தான். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

சிங்கப்பூரில் இருந்தோ துபாயில் இருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து, அவர் பிள்ளை வளர்ந்ததும் நமக்குக் கொடுத்த சீட் என்றால், விபத்தில் சிக்கியதா, எத்தனை வருடம் ஆகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருமுறை அடி வாங்கிய ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் வருடக்கணக்கில் இறுகி, உடையும் பதத்துக்கு வந்துவிடும். விலை கூடிய சீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் காரில் அசையாமல் உட்காரும் சீட்தான் நல்ல சீட். முடிந்தால் காரைக் கடைக்கே ஓட்டிப்போய் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

சின்னக் காரில் சிக்கல் இடம்தான். பின்நோக்கு சீட் சாய்ந்து படுப்பதால் முன் சீட்டின் முதுகுவரை நீட்டிக்கொண்டு வரும். பின் சீட்டின் நடு இடம் பக்கவாட்டு மோதலுக்குத் தள்ளி இருப்பதால் நல்லதுதான். ஆனால் பழைய சின்னக் கார்களில் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும், சீட்டும் மேடாக இருக்கும். அதனால் நான் இடப்பக்க ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சாலையோரமாக நிறுத்தினால் குழந்தையை வண்டி போகாத பக்கம் இறக்கலாம். முன் சீட்டை மூன்று பல் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அப்படித் தள்ளிய சீட்டில் யாராவது உட்கார்ந்தால் டேஷ்போர்டுக்கு மிக அருகில் வந்துவிடுவார் என்பதால் அதைக் காலியாக விட்டுவிட்டு, மனைவியும் அத்தையும் பின்னாலேயே உட்கார ஏற்பாடு.

பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டால் அது ஐசோஃபிக்ஸ், குழந்தை சீட்டை பெல்ட் இல்லாமல் நேராகக் காரில் மாட்டும் பிடி. பொருந்தும் சீட்டின் கொக்கி அதில் 'டக்'கென்று விழும், பச்சை நிறம் காட்டும். தரையில் ஊன்றும் காலோ, பின்னால் மாட்டும் வாரோ மூன்றாவது பிடி. என் காரில் அந்தக் கம்பி கிடையாது, பெல்ட்டில்தான் கட்டினேன். சரியாகக் கட்டினால் பெல்ட்டும் அதே அளவு உயிர் காக்கும்.

பெல்ட்டைக் கட்டுவது இப்படி. இடுப்புப் பட்டை, குழந்தையின் முழங்கால் பக்கம் இருக்கும் இரண்டு பள்ளங்களில் குறுக்கே போகும். தோள் பட்டை ஓட்டின் முதுகைச் சுற்றிப் போகும். பெல்ட் போகும் வழியைப் பின்நோக்கு சீட்டில் நீல நிறத்தில் குறித்திருப்பார்கள். சில சின்னக் கார்களில் சுற்றிவரும் அளவுக்குப் பெல்ட் நீளம் இருக்காது. கடையிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். மாட்டியதும் சீட்டின் மேல் கையை ஊன்றி, உங்கள் எடையைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இடுப்புப் பட்டையை இழுங்கள், அப்புறம் தோள் பட்டையை. காரின் இருக்கைப் பஞ்சு அமுங்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். நான் நான்கு தடவை கட்டினேன்.

இவ்வளவு இறுக்கம் எதற்கு? காரின் முன்பக்கம் நசுங்கும் அந்த 60 சென்டிமீட்டர்தான் நம்மைக் காப்பாற்றும் தூரம். மோதிய முதல் நொடித்துளியிலேயே குழந்தையும் காரோடு சேர்ந்து வேகம் குறைய ஆரம்பித்தால் அந்தத் தூரம் முழுவதும் அதற்குக் கிடைக்கும். கட்டு தளர்ந்திருந்தால் கார் பாதி நின்ற பிறகும் குழந்தை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், மிச்சத் தூரத்துக்குள் வெடுக்கென்று நிற்க வேண்டியிருக்கும்.

குழந்தையின் வாருக்கும் இதே நியாயம்தான். பின்நோக்கு சீட்டில் தோள்வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்து கிளம்ப வேண்டும். இறுக்கிய பிறகு தோள் பக்கத்தில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புக் கிடைத்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. நம் ஊரில் குழந்தையை டவலில் சுருட்டித்தான் கையில் தருவார்கள். அந்தச் சுருட்டலோடு வார் போட்டால் டவல் அமுங்கும் அளவுக்கு வார் தளர்ந்துவிடும். சுருட்டலைப் பிரித்து, சட்டையோடு வார் போட்டு, டவலை மேலே போர்த்துங்கள். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இங்கே வேண்டாம், அது தலையை முன்னால் தள்ளிவிடும்.

தலை முன்னால் தள்ளினால் என்ன? மூச்சு. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் இளநீர்க் கடையில் தரும் ஸ்ட்ரா அளவுக்குக்கூட இல்லை, நான்கு மில்லிமீட்டர்தான், அதுவும் மெத்தென்று. தாடை மார்பில் கவிழ்ந்தால் அது மடங்கும். அதனால்தான் சீட் 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று சின்னக் காரில் சீட்டை நிமிர்த்தி வைப்பது நிறையப் பேர் செய்யும் தப்பு. சீட்டின் பக்கவாட்டில் மட்டக்கோடு இருக்கும், அது தரைக்கு இணையாக நிற்க வேண்டும். கோடு இல்லையென்றால் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடியுங்கள், 45 டிகிரி கிடைத்துவிடும். குட்டைப் பக்கத்தை ஓட்டின் முதுகில் ஒட்டிப் பிடித்து, நீளப் பக்கத்தோரம் நூலில் சாவியைத் தொங்கவிடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. நூலும் தாளின் விளிம்பும் ஒன்றாக ஓடினால் சாய்வு சரி. கார் சமதரையில் நிற்க வேண்டும்.

சாய்வு சரியாக இருந்தாலும் குழந்தை சீட் படுக்கை ஆகாது. பிறந்த சில வாரங்களுக்கு அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி எடுத்துப் படுக்கவைப்பது நல்லது. வளர்ந்த பிறகும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்ட பிறகே சீட்டில் வையுங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் பக்கிளின் இரும்பு தோலைச் சுட்டுவிடும். சீட்டின் மேல் வெள்ளை வேட்டித் துணியை மூடிவிட்டுப் போங்கள், குழந்தையை வைக்கும் முன் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டு மட்டும் போகவே போகாதீர்கள்.

அன்றைக்கு செக்கானூரணி தாண்டியதும் குழந்தை அழுதது. ஓடும் காரில் எடுக்க விடவில்லை. ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, மனைவி பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, திரும்ப வைத்தோம். வார் போட்டது அத்தை. நான் காட்டியது போலவே கிள்ளிப் பார்த்து, "மடிப்பு வருதே" என்று இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.

இப்போது பிள்ளைக்குப் பத்து மாதம். கால் சீட்டின் முதுகில் இடிக்கிறது, முன்னால் திருப்பிவிடலாமா என்று போன வாரம் அத்தை கேட்டார். கால் இடித்தால் குற்றமில்லை, குழந்தை மடக்கி உட்கார்ந்துகொள்ளும். பார்க்க வேண்டியது எடையும் உச்சந்தலையும்தான். எடை 13 கிலோவை எட்டினாலோ, தலை ஓட்டின் மேல் விளிம்பை நெருங்கி இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ பெரிய சீட் வாங்க வேண்டும், அதுவும் பின்நோக்கியே. அளந்து பார்த்தோம். எடை ஒன்பது கிலோ, தலைக்கு மேலே அத்தையின் விரலில் மூன்று விரற்கடை இருந்தது.