கூட்ஸ் என்றால் சரக்கு

ஒப்பந்தம், சுங்கப் படிவம், காப்பீட்டுத் தாள், கைப்பேசிக்கு வரும் அறிவிப்பு என்று எதை எடுத்தாலும், ஆங்கிலத்தில் ‘கூட்ஸ்’ இருந்த இடத்தில் தமிழில் ‘பொருட்கள்’ உட்கார்ந்திருக்கிறது. ‘பொருட்களின் உரிமை வாங்குபவருக்கு மாறும்.’ ‘பொருட்களின் இயல்பைக் குறிப்பிடவும்.’ மொழிபெயர்ப்பவர் கைக்கு முதலில் அகப்படும் சொல் இதுதான் போலிருக்கிறது. வணிகத்திலும் சட்டத்திலும் போக்குவரத்திலும் இது பிழையான தேர்வு என்பது என் கட்சி. அந்த இடத்துக்கு உரிய சொல் சரக்கு.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னது. ‘நல்ல’ என்று பொருள்படும் ‘குட்’ பெயராக நின்று நன்மையைக் குறித்தது. நன்மை தரும் உடைமையாக விரிந்தது. பன்மையில் ‘கூட்ஸ்’ ஆகி, விற்கவும் வாங்கவும் உள்ள எல்லாவற்றுக்கும் பெயரானது. இலத்தீனின் ‘போனா’வும் பிரெஞ்சின் ‘பியான்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்தவைதான். ஒருமையில் இச்சொல்லை இந்தப் பொருளில் ஆள்பவர்கள் பொருளியல்காரர்கள் மட்டுமே. மற்றவர்களுக்கு அது எப்போதும் பன்மை.

இனி, ‘பொருள்’ என்ற சொல்லிடம் என்ன குறை? குறை ஒன்றும் இல்லை, சுமைதான் அதிகம். சொல்லின் அர்த்தமும் பொருள், செல்வமும் பொருள், நூலின் உள்ளடக்கமும் பொருள், இயற்பியலில் நிறையுள்ளதெல்லாம் பொருள். ‘இந்த ஒப்பந்தத்தில் பொருள் என்பதன் பொருள்’ என்று ஒரு வரையறை தொடங்கினால், படிப்பவர் அந்த இடத்திலேயே தடுக்கி நிற்கிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் பணம். இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் ‘கூட்ஸ்’ என்பதை அசையும் சொத்து அனைத்தும் என்று விரித்துச் சொல்லி, வழக்காடிப் பெற வேண்டிய உரிமைகளையும் பணத்தையும் அதிலிருந்து நீக்குகிறது. நிறுவனப் பங்குகளும், நிற்கிற பயிரும், விற்பதற்குமுன் வெட்டித் தருவதாக ஒத்துக்கொண்ட மரமும் உள்ளே வருகின்றன, பணம் வருவதில்லை. 2017இல் வந்த மத்திய ஜிஎஸ்டி சட்டம் பங்குப் பத்திரங்களையும் வெளியே தள்ளிவிட்டது. பணம் அதிலும் வெளியேதான். ஆனால் தமிழில் பொருள் என்றாலே பணம், செல்வம். ‘பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை’ என்பதைக் கேட்டு வளர்ந்த காது அது. எதை நீக்குவதற்கென்று சட்டம் ஒரு வரையறையே எழுதியதோ, அதையே முதன்மை அர்த்தமாகக் கொண்ட சொல்லை அங்கே வைப்பது எப்படித் தகும்?

இதற்கிடையே ‘பொருட்கள்’ சரியா, ‘பொருள்கள்’ சரியா என்று நடக்கும் சண்டை தனி. அல்வழியில், அதாவது வேற்றுமைப் பொருளில் அல்லாமல் சொற்கள் சேரும்போது, ளகரம் வல்லினத்தின் முன் இயல்பாகவும் நிற்கலாம், டகரமாகவும் திரியலாம் என்று நன்னூல் இரண்டுக்கும் இடம் தருகிறது. ‘கள்’ விகுதிக்கு அந்த விதி பொருந்துமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வாக்கியத்துக்கே பொருந்தாத சொல்லின் ஒற்றைத் திருத்துவதில் இத்தனை பேர் இவ்வளவு நேரம் செலவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

சரக்கைப் பாருங்கள். கன்னடத்தில் சரகு, தெலுங்கில் சருகு, மலையாளத்திலும் சரக்கு. அண்டை மொழிகள் மூன்றிலும் உறவுள்ள சொல். சித்த மருத்துவத்தில் மருந்துக்குச் சேரும் மூலிகையும் உப்பும் பாடாணமும் சரக்கு. கடையில் அடுக்கியிருப்பது, கிடங்கில் இருப்பது, லாரியில் ஏறுவது, கப்பலில் இறங்குவது எல்லாமே சரக்கு. சரக்கு ரயிலை யாரும் ‘பொருட்கள் ரயில்’ என்று சொல்லவில்லை. சரக்குக் கப்பல், சரக்கு இருப்பு, சரக்குக் கட்டணம் எல்லாம் தாமாகவே வந்து பொருந்துகின்றன. மக்கள் நாக்கு தீர்ப்புச் சொல்லி ரொம்ப நாளாயிற்று; படிவம் எழுதுகிறவர் காதில்தான் அது விழவில்லை.

‘கூட்ஸ்’ பன்மை என்பதற்காகச் ‘சரக்குகள்’ என்று எழுத வேண்டுமா? வேண்டாம். ‘சரக்கு வந்து சேர்ந்தது’ என்றால் ஒரு மூட்டையும் அடங்கும், ஆயிரம் மூட்டையும் அடங்கும். எண்ணிக் காட்ட வேண்டுமென்றால் உருப்படி இருக்கிறது: ‘இருபது உருப்படி சரக்கு.’ அஃறிணையில் ஒருமை வடிவமே பன்மைக்கும் நிற்பது நம் இலக்கணத்தில் பழைய வழக்கம். ஆங்கிலத்தில் ‘எஸ்’ தெரிந்தவுடன் ‘கள்’ போடுவது இன்றைய மொழிபெயர்ப்பாளர்களின் தீராத பழக்கமாகிவிட்டது. தகவல்கள், செய்திகள், சேவைகள் என்று பக்கம் முழுக்கக் கள் மயம்.

‘சரக்கு’ என்றால் மதுவல்லவா என்று சிலர் நெளிகிறார்கள். பேச்சில் அந்த அர்த்தம் உண்டுதான். ‘சரக்கு வாகனம்’ என்று எழுதிய வண்டியைப் பார்த்து யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லையே. கொச்சையாக ஒரு அர்த்தம் ஒட்டிக்கொண்டது என்பதற்காக நல்ல சொல்லைக் கைவிட்டால், நாளை எத்தனை சொல் மிஞ்சும்?

பண்டம் என்பது கொஞ்சம் கௌரவமான போட்டியாளர். ‘அளந்தறியாப் பல பண்டம்’ துறைமுகத்தில் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. கலத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். தமிழ் வேர்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அது தடையில்லை. பண்டமாற்று இன்றும் நல்ல சொல். ஆனால் தனியாகப் ‘பண்டம்’ என்றால் இன்றைய காதுக்குத் தின்பதற்கு உரியதுதான் முதலில் தோன்றுகிறது. பொருளியல் பாடநூல்களில் அது கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது, அங்கே இருக்கட்டும். தெருவிளக்கையும் நாட்டுப் பாதுகாப்பையும் பொதுப் பண்டம் என்பதுதான் சரி. அவற்றைப் பொதுச் சரக்கு என்றால் அபத்தம்.

அடைமொழியோடு வரும் பொருளையும் நான் எதிர்க்கவில்லை. மூலப்பொருள், நுகர்பொருள், உணவுப்பொருள் எல்லாம் தெளிவானவை, முன்னால் நிற்கும் சொல் எல்லையைக் காட்டிவிடுகிறது. வீட்டில் புழங்குவது சாமான். பாரசீகத்திலிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது, துரத்த வேண்டியதில்லை. அடை ஏதும் இல்லாமல் வணிக வாக்கியத்தில் தனியே நிற்கும் ‘பொருட்கள்’ மீதுதான் என் வழக்கு.

ஜிஎஸ்டியின் தமிழ்ப் பெயரிலும் இதே குழப்பம். ஓரிடத்தில் ‘பொருட்கள் மற்றும் சேவைகள் வரி’, இன்னோரிடத்தில் ‘பண்டங்கள் மற்றும் பணிகள் வரி’, வேறோரிடத்தில் ‘சரக்கு மற்றும் சேவை வரி’. மூன்றாவதே நல்லது. அதிலும் அந்த ‘மற்றும்’ எதற்கு? மலையாளத்தில் ‘சரக்கு சேவன நிகுதி’ என்று இரண்டு பெயரையும் அடுத்தடுத்து வைத்து முடித்துவிட்டார்கள். தாய் தந்தை, இரவு பகல் என்று உம்மை மறைந்து வரும் தொகை நம்மிடமும் உண்டு. சரக்கு சேவை வரி என்று எழுதினால் போதும்.