பழைய கஞ்சா வழக்கு இருந்தால் அக்னிவீர் ஆக முடியுமா?

விடியற்காலையில் ஊர் மைதானத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நேரம் பார்த்து ஓடுகிற பையன்களில் சிலருக்கு மனசுக்குள் ஒரு பயம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் நண்பர்களோடு இருந்தபோது போலீஸ் பிடித்தது. ஒரு பொட்டலம் கஞ்சா. ஸ்டேஷனில் கையெழுத்து, கோர்ட்டில் ஃபைன். இனி அக்னிவீராக ஆர்மிக்குப் போக முடியுமா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேட்டதுமே ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று கைவிட்டுவிடவும் தேவையில்லை. முதலில் உங்கள் மேல் இருப்பது என்ன வழக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். பல பேருக்கு இதுவே தெரியாது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது புகார் பதிவானதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, போட்டிருந்தால் எந்தப் பிரிவில்?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா புகைத்ததற்கு 27ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் வைத்திருந்தால் 20ஆவது பிரிவு. ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’ என்பார்கள். அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம். ஆக, பொட்டலத்தோடு பிடிபட்டவரும் மூட்டையோடு பிடிபட்டவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று. ‘ஃபைன் கட்டிவிட்டேன், கேஸ் முடிந்துவிட்டது’ என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான். ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாதவர், ‘இதற்கு முன் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார். அது பொய்யாகிவிடுகிறது. வழக்கு இன்னும் முடியாதவர்கள், அலைச்சல் தீர்ந்தால் போதும் என்று ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

அடுத்து, சம்பவம் நடந்த அன்று உங்கள் வயது. அக்னிவீர் சேர்க்கை பதினேழரை வயதில் தொடங்குகிறது. அதனால் இந்தக் கவலையோடு வருகிறவர்களில் சிலர் அந்தச் சம்பவத்தின்போது 18 நிரம்பாதவர்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. 18 வயதுக்குள் செய்த குற்றத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யக்கூடாது என்கிறது அதன் 24ஆவது பிரிவு. 16 வயது நிரம்பி, கொடிய குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. 74ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் வெளியிடக்கூடாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் இப்படி ஒருவரை நிராகரித்தபோது, சிறார் பருவத்து வழக்கு வேலைக்குத் தடையாக முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இதைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் உத்தரவு நகலைத் தொலைத்துவிடாதீர்கள்.

18 தாண்டியவர்களுக்கு நிலைமை கடினம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது நுழைவது ஏறக்குறைய நடக்காத காரியம். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டு நாடெங்கும் போராட்டம் நடந்த சமயத்தில், எஃப்.ஐ.ஆர். இருந்தால் சேர முடியாது, எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்று அப்போது ராணுவ விவகாரத் துறையின் கூடுதல் செயலாளராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி வெளிப்படையாகவே சொன்னார்.

வழக்கு முடிந்துவிட்டது என்றால், எப்படி முடிந்தது என்று பார்ப்பார்கள். குற்றமே நடக்கவில்லை என்று கோர்ட் தெளிவாகச் சொல்லி விடுவிப்பது வேறு, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிப்பது வேறு. இரண்டாவதில், ‘விடுதலை ஆகிவிட்டேனே’ என்றாலும் பின்னணியை ஆராய்ந்து மறுக்கப் படைக்கு அதிகாரம் உண்டு. அடிப்படையே இல்லாமல் போட்ட வழக்கு என்றால், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 528 ஆகியிருக்கிறது.

உண்மையிலேயே பழக்கத்துக்கு அடிமையாகி, சிறு அளவு அல்லது பயன்படுத்திய வழக்கில் மாட்டியவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தப்படமாட்டாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகை பறிபோகலாம். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, அந்தப் பையனுக்கு உடம்பு தேறும். எனக்கு அதுதான் முதலில் முக்கியம்.

சரி, படிவத்தில் என்ன எழுதுவது? நடந்ததை எழுதுங்கள். ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று சொல்கிற அண்ணன்மார்களை நம்பாதீர்கள். சேரும்போது வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்தது பிறகு தெரிந்தால், 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 44ஆவது பிரிவின்படி ராணுவ நீதிமன்றம் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை கொடுக்க முடியும். பத்தாயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிந்திருக்கக்கூடிய வழக்கை மறைக்கப்போய் இவ்வளவு பெரிய ஆபத்தில் மாட்ட வேண்டுமா?

இந்த விஷயத்தில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2016 ஜூலை 21 அன்று கொடுத்த தீர்ப்பு. அற்பமான வழக்கை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் நினைத்தால் மன்னிக்கலாம் என்கிறது அது. படிவத்தில் கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே தீர்ப்பில் கசப்பான ஒரு வரியும் உண்டு: உண்மையைச் சொன்னவரைக்கூட வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அதனால் உண்மையைச் சொன்னால் நிச்சயம் வேலை என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் நிராகரித்தால் அதை எதிர்த்து நியாயம் கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். மறைத்துப் பிடிபட்டவருக்கு அந்தப் பிடி மிகவும் பலவீனம்.

அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. எழுத்துத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்போதே எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பதிவில் வழக்கு முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கோர்ட்டில் முடிந்த வழக்கு ஸ்டேஷனில் இன்னும் நிலுவை என்றே கிடந்தால், சரிபார்ப்பு அறிக்கையும் அப்படியே போய்விடும். தீர்ப்பு நகலோடு எழுத்து மூலமாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.