பிரஷருக்குக் கஷாயம் குடிப்பவர்கள் கவனத்துக்கு

நாட்டு மருந்துக் கடையில் 'பிரஷர் பொடி' வாங்கும்போது, என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். அதிமதுரம் இருந்தால் வேண்டவே வேண்டாம். தொண்டைக் கட்டுக்கு நல்லதுதான். ஆனால் அதிலுள்ள கிளைசிரைசின், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். நாள்கணக்கில் சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியம் இன்னும் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். வாயில் போட்டுக்கொண்டே இருக்கும் இருமல் மிட்டாயிலும் அதிமதுரம் உண்டா என்று பாருங்கள்.

சர்ப்பகந்தா வேர் உண்மையிலேயே அழுத்தத்தைக் குறைக்கும். அதிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரெசர்பைன் பல ஆண்டுகள் உலகமெங்கும் மாத்திரையாகப் புழங்கியது. அந்த மாத்திரையின் அளவே கால் மில்லிகிராம்தான். வேருக்கு வேர் சத்து மாறும் பொடியைக் கரண்டியால் அளந்து சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கடைப்பு, வயிற்றுப் புண், கடும் மனச்சோர்வு வரலாம். மனச்சோர்வு இருந்தவர்கள் தொடவே கூடாது.

ஆய்வுகளில் ஓரளவு பலன் தந்த செம்பருத்தி வகை, புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த புல்லிதழ். வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல. தாமிரபரணிக் கரை மருதம்பட்டையும் மாத்திரைக்கு மாற்றாகாது. முருங்கைக்கீரையைப் பொரியலாகச் சாப்பிடலாம்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் தினமும் சாறு பிழிந்து குடித்தால் பொட்டாசியம் அளவுக்கு மீறலாம். வெள்ளைப்பூடு குழம்பில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பச்சையாக நிறைய விழுங்க வேண்டாம்.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கருவாடு, அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு நிற்க வேண்டும். எந்தக் கஷாயத்தைவிடவும் இது பலன் தரும்.

கஷாயம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம், அழுத்தம் சட்டென்று எகிறலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவமனைக்குப் போனாலும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். இங்கிலீஷ் மருந்து தருபவரிடம் சூரணத்தைச் சொல்லுங்கள்.

பலன் தெரிய, காலையில் மாத்திரைக்கு முன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து 7 நாள் எழுதுங்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகையிலை கூடாது. 180/120க்கு மேல் போய் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் மரத்தல் இருந்தால் 108ஐ அழையுங்கள், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள்.